மனம் ஒன்றிச் செய்யத் தாய் சி: எந்த வடிவத்தைப் படிக்கலாம்?

மெதுவான அசைவுகளால் ஆன சீனக் கலையான தாய் சி படிக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்து மாட்டிக்கொள்வது பெயர்க் குழப்பத்தில். யாங், சென், சுன், வூ என்று பாணிகளின் குடும்பப் பெயர்கள் ஒரு பக்கம். ஒரு வடிவத்தில், அதாவது வரிசையாகச் செய்யும் ஒரு தொகுப்பில், எத்தனை அசைவு என்று சொல்லும் 24, 37, 85, 108 போன்ற எண்கள் இன்னொரு பக்கம். யூடியூபில் பார்த்தால் எல்லாமே மெதுவாகக் கையை அசைப்பது போலத்தான் தெரியும். எதில் சேர்ந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் எதற்காகப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் நிறையவே மாறும். தற்காப்புக் கலையாகக் கற்க வருபவருக்கு ஒன்று, முட்டிவலிக்காக வருபவருக்கு வேறொன்று. நான் இங்கே பேசப்போவது மூன்றாவது வகை ஆட்களுக்காக. உட்கார்ந்து கண்ணை மூடித் தியானம் செய்வது சரிப்படவில்லை, உடம்பை அசைத்துக்கொண்டே மனத்தை அதில் வைக்கப் பழகினால் போதும் என்று நினைப்பவர்கள் இவர்கள்.

இவர்களுக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். 'அடுத்த அசைவு என்ன?' என்று யோசிக்கும் காலம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது? அது முடியும்வரை நடப்பது மனப்பாடம். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் போல மனம் எப்போதும் அடுத்த வரியில் இருக்கும். இப்போது எந்தக் காலில் எடை நிற்கிறது என்று பார்க்க அதற்கு நேரம் இருக்காது. இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. வடிவம் ரொம்பச் சின்னதாக இருந்தால் சில வாரங்களில் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். மனம் கிளம்பி அலுவலகத்துக்குப் போய்விடும். ஆக, மனப்பாடம் சீக்கிரம் முடிய வேண்டும்; முடிந்த பிறகும் கவனிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். பாணிகளின் பழம்பெருமையைவிட இந்தக் கணக்கு முக்கியம் என்பது என் கட்சி.

108 என்னும் நீண்ட வடிவம்

உலகம் முழுக்கத் தாய் சி என்றதும் கண்முன் வருவது யாங் பாணிதான். 1799இல் பிறந்த யாங் லூச்சான், ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்துக்குப் போய் சென் சாங்ஷிங்கிடம் கற்று, பிற்பாடு பெய்ஜிங்கில் மஞ்சு பிரபுக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் இன்று நாம் பார்க்கும் ஒரே சீரான, அகலமான, அவசரமில்லாத வடிவம் அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936) நிலைநிறுத்தியது. 85, 103, 108 என்ற எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலும் மூன்றும் ஒரே வடிவம்தான், எண்ணும் முறைதான் வேறு. நிதானமாகச் செய்தால் இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும்.

108 என்றால் 108 தனித்தனி அசைவுகளும் அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் நாற்பதுக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் திரும்பத் திரும்ப வருபவை. 'மேகக் கைகள்' மூன்று இடத்தில் வரும். 'சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல்' அதைவிட அதிகமாக வரும். அப்படியானால் சுலபம்தானே என்று கேட்டால், அதுதான் இல்லை. இந்தத் திரும்பல்தான் ஆளைத் தவறவிடும். 'ஒற்றைச் சவுக்கு' என்றொரு நிலை இருக்கிறது. முதல் முறை அது முடிந்ததும் கைகளைத் தூக்கும் அசைவுக்குப் போக வேண்டும். இன்னொரு முறை மேகக் கைகளுக்கு. வேறொரு முறை 'பாம்பு ஊர்ந்து இறங்குதல்' என்று தரையை நோக்கித் தாழ வேண்டும். நான்கு ரோடு சந்திக்கும் முக்கு அது. ஒரு நொடி கவனம் பிசகினால், மூன்றாம் பகுதியில் இருக்க வேண்டியவர் முதல் பகுதிக்குள் போய் நிற்பார். நீண்ட வடிவம் பழகிய எவரைக் கேட்டாலும் இந்த அனுபவத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மனம் ஒன்றும் பயிற்சி என்ற வகையில் இது ஒரு நல்ல குணம். கவனம் போனது நமக்கே உடனே தெரிந்துவிடுகிறதே. உட்கார்ந்து செய்யும் தியானத்தில் பத்து நிமிடம் வேறெங்கோ போய்த் திரும்பினாலும் யாருக்கும் தெரியாது, சமயத்தில் நமக்கே தெரியாது. தவிர, இடைவிடாமல் இருபது நிமிடம் நகர்ந்துகொண்டே இருப்பதில் கிடைக்கும் நிதானம் ஐந்து நிமிடத்தில் கிடைக்காது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. வாரம் ஒரு வகுப்பு என்று போனால் முழுசும் மனத்தில் ஏற ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் நடப்பது மனப்பாடம். பாதியிலேயே நின்றுவிடுபவர்கள் நிறைய. இதற்கு ஒரு வழி உண்டு. 108 மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் முதல் பகுதி சின்னது, கைகளைக் குறுக்காகச் சேர்ப்பதில் முடிவது. அதை மட்டும் படித்துவிட்டு, சில மாதங்கள் அதையே செய்துகொண்டிருக்கலாம். அதுவே முழுமையான ஒரு பயிற்சி. அவசரப்பட்டு இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டியதில்லை.

24: பூங்காவில் எல்லோருக்கும் தெரிந்தது

1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம், லீ தியன்ஜி போன்ற வல்லுநர்களை வைத்து யாங் பாணியிலிருந்து 24 அசைவுகளைத் தொகுத்தது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். பரம்பரைப் பாணிக்காரர்களில் சிலருக்கு இதன்மேல் ஒரு இளக்காரம் உண்டு, கமிட்டி போட்டுச் சமைத்தது என்று. சமைத்ததுதான். ஆனால் யோசித்துச் சமைத்திருக்கிறார்கள்.

முதலில், வரிசை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறது. 'காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்' இடமும் வலமுமாக மூன்று முறை. பிறகு 'வெண்கொக்கு சிறகு விரித்தல்'. பிறகு முழங்காலைத் துடைத்துவிட்டு முன்னேறுவது மூன்று முறை. ஒரே அசைவைத் தொடர்ந்து சில தடவை செய்துவிட்டு அடுத்ததற்குப் போவதால் மூளைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. குதிகாலால் உதைப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, தாழ்ந்து இறங்குவது எல்லாம் 13ஆவது அசைவிலிருந்துதான் வரும். அடுத்து, பழைய வடிவத்தில் ஒரு பக்கமே வந்த சிட்டுக்குருவி வாலை இதில் இரண்டு பக்கமும் செய்யச் சொல்கிறார்கள். பாம்பும் இரண்டு பக்கமும் இறங்குகிறது. ஒரு பக்கம் நமக்கு எவ்வளவு மக்கு என்பது அப்போது தெரியும். கவனிக்கக் கிடைக்கும் நல்ல விஷயம் அது.

இன்னொன்று முட்டி சம்பந்தப்பட்டது. 24இல் ஓர் அடி முன்னே வைத்த பிறகு, எடையைப் பின்காலுக்கு வாங்கி, முன்காலின் விரல்களைத் தூக்கி, பாதத்தைத் திருப்பிவிட்டு, அதன்பிறகுதான் மறுபடி எடையை முன்னே கொண்டுபோக வேண்டும். எடை நிற்கும் பாதத்தைத் தரையில் திருகுவது குறைகிறது. தாய் சியில் முட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தத் திருகலால்தான். புதிதாக வருபவர்களுக்கு இந்த 'வாங்கு, திருப்பு, கொடு' என்ற மூன்று படிதான் முதல் தியானமே.

வீட்டில் கொஞ்சம் தொடர்ந்து செய்தால் மூன்று நான்கு மாதத்தில் வரிசை பிடிபட்டுவிடும். அப்புறம் நான் சொல்வது இது: ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தாமல், முடித்த இடத்திலிருந்தே இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போங்கள். முதல் சுற்றில் உடம்பு இறுக்கமாக இருக்கும். இரண்டாவதில் மனம் எங்காவது சுற்றும். மூன்றாவது சுற்றுதான் உருப்படி. 108இன் நீளமும் கிடைத்துவிடுகிறது, மனப்பாடச் சுமையும் இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. பல குழுக்கள் இதை இசை போட்டுச் செய்கின்றன. இசை ஓடினால் அதன் வேகத்தில்தான் நாமும் ஓட வேண்டும். சொந்த மூச்சுக்கு இடமில்லை. கூட்டமாக ஆட அழகாக இருக்கும், சரி. மனம் ஒன்றப் பழகுகிறவர் வாரத்தில் சில நாளாவது இசை இல்லாமல் தனியாகச் செய்வது நல்லது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு 37 இருக்கிறது. யாங் செங்ஃபுவின் மாணவரும், ஓவியரும் மருத்துவருமான செங் மான்-சிங் (1902–1975) நீண்ட வடிவத்தின் திரும்பல்களை வெட்டிச் சுருக்கியது. 1960களில் அவர் நியூயார்க்கில் போய்ச் சொல்லிக்கொடுத்ததால் மேற்கே இது பரவியது. கை மணிக்கட்டு மடங்காமல், துளி இறுக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது இதன் அடையாளம். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு இது எளிதில் எட்டக்கூடியது. செங்கின் மாணவர் ஹுவாங் ஷெங்-ஷியான் (1910–1992) அந்த வட்டாரத்தில் வேரூன்ற வைத்த மரபு அது. அவர் வகுத்த ஐந்து தளர்வுப் பயிற்சிகள், நின்ற இடத்திலேயே இடுப்பையும் தோளையும் தளர்த்திச் சுழற்றுபவை, வடிவமே படிக்காதவருக்கும் உதவும். மென்மையாகத் தெரிகிறதே என்று இந்த மரபை லேசாக எடைபோட வேண்டாம். அறுபதாவது வயதில், 1970இல், கூச்சிங்கில் ஒரு மல்யுத்த வீரரோடு மேடையேறி ஜெயித்தவர் ஹுவாங்.

சென்னும் சுன்னும்

சென் பாணிதான் எல்லாவற்றுக்கும் மூலம். சென்ஜியாகோ கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டில் சென் வாங்டிங்கிடமிருந்து தொடங்குகிறது. மெதுவான அசைவுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு குத்து வெடிக்கும். கால் தரையில் ஓங்கி விழும். அடுக்குமாடி வீட்டில் காலை ஐந்தரைக்கு இதைப் பழகினால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். நிலைகளும் தாழ்வானவை, தொடை எரியும், முட்டிக்குச் சுமை அதிகம். மனஅமைதிக்காக வரும் ஐம்பது வயதுக்காரரை நான் நேராக இதன் முழு வடிவத்துக்கு அனுப்பமாட்டேன்.

ஆனால் இந்தப் பாணியில் ஒரு புதையல் இருக்கிறது: பட்டுநூல் சுற்றும் பயிற்சி. நின்ற இடத்திலேயே ஒரு கையை மட்டும் பெரிய வட்டமாகச் சுற்ற வேண்டும். மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. ஆனால் கை தானாகச் சுற்றக் கூடாது. காலில் எடை மாற, அதனால் இடுப்பு திரும்ப, அதனால் தோள் நகர, கடைசியில்தான் கை நகர வேண்டும். உள்ளங்கையும் கூடவே மெல்லப் புரண்டுகொண்டு வரும். கை முந்திக்கொண்டால் வட்டம் உடனே செத்துப்போகும். மென்மையான வடிவங்களில் மனம் அலைகிறது, போரடிக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அலைகிற மனத்துக்குச் சும்மா இரு என்று சொல்வதைவிட, பின்தொடர ஒரு வேலையைக் கொடுப்பது பலிக்கிறது.

சுன் லூடாங் (1860–1933) ஷிங்யி, பாகுவா என்ற வேறு இரண்டு சீனத் தற்காப்புக் கலைகளில் பேரெடுத்த பிறகே தாய் சிக்கு வந்தவர். மூன்றையும் கலந்து தன் பாணியை அமைத்தார். நிலை உயரமானது, கிட்டத்தட்ட நிமிர்ந்து நடப்பதுதான். ஒரு கால் முன்னே போனால் மற்றது உடனே பின்தொடர்ந்து வந்து சேரும். அகலமாகக் காலை விரித்து நிற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997இல் மூட்டுவாதக்காரர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தபோது சுன் பாணியை அடிப்படையாக எடுத்ததற்கு இது ஒரு காரணம். கவனத்துக்கு உதவும் அம்சம் ஒன்றும் இதில் உண்டு: திசை மாறும் இடங்களில் கைகள் மார்புக்கு முன்னால் விரிந்து சேரும். விரியும்போது மூச்சு உள்ளே, சேரும்போது வெளியே. நடுவில் மனம் எங்கே போயிருந்தாலும் அந்த இடத்தில் மூச்சு நினைவுக்கு வந்துவிடும். முட்டியில் கோளாறு உள்ளவர், வயதான பெற்றோரைச் சேர்க்க நினைப்பவர் இருவரும் யோசிக்காமல் சுன் பக்கம் போகலாம். ஆசிரியர் கிடைப்பதுதான் கஷ்டம்.

வூ பாணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பைச் சற்று முன்சாய்த்துச் செய்வது; அந்தச் சாய்வைச் சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும். பக்கத்தில் நல்ல ஆசிரியர் இருந்தால் போங்கள், தேடி அலைய வேண்டாம்.

குறுகிய வடிவம் போதுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு ஆய்வு. 2018இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. விழும் அபாயம் உள்ள, எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை 24 வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். தாய் சி குழுவுக்குக் கொடுத்தது எட்டே அசைவுகள். வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் அந்தக் குழுவில் விழுவது 58 சதவீதம் குறைந்தது; பலவகைப் பயிற்சி கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. 2016இல் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் தாய் சியும் பிசியோதெரபியும் வலியில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. மனச்சோர்வில் தாய் சி குழு கூடுதலாகத் தேறியது. இவை கவனத்தை அளந்த ஆய்வுகள் அல்ல. ஆனால் எட்டு அசைவை ஒழுங்காகச் செய்தால் உடம்புக்குப் பலன் உண்டு என்பதற்கு இது போதும்.

தாய் சியே வேண்டாம் என்றால்

நடனம் போல வரிசை நினைவில் வைப்பதே எனக்கு ஆகாது என்பவர்களுக்குப் பாதுவான்ஜின் இருக்கிறது. மூச்சோடு சேர்ந்த மெதுவான சீன உடற்பயிற்சியான சீகோங் வகையைச் சேர்ந்தது, தாய் சி அல்ல. எட்டே அசைவுகள், நின்ற இடத்திலேயே, ஒவ்வொன்றும் சில தடவை. சீனாவில் 2003இல் வெளியிட்ட பொதுவடிவம் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். சில வாரத்தில் பிடிபடும். பால்கனியில்கூடச் செய்யலாம், 24க்கு நான்கைந்து அடி எடுத்து வைக்க இடம் வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன ஆபத்து இதில்தான் அதிகம்: சீக்கிரம் பழகிவிடுவதால் கை ஒரு பக்கம் போக மனம் ஒரு பக்கம் போகும். தாய் சிக்கு முன்பு சில மாதம் செய்ய நல்ல வாசல்.

யோகா நம்மூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரும். ஏற்கெனவே யோகா செய்து அதில் மனம் ஒன்றுகிறது என்றால் மாற வேண்டிய அவசியமே இல்லை. இரண்டிலும் கவனம் நிற்கும் இடம் வேறு. ஆசனத்தில் ஒரு நிலைக்குப் போய் அங்கே தங்கிக் கவனிக்கிறோம். தாய் சியில் தங்குவது கிடையாது; ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிதான் முழுப் பயிற்சியும். தரையில் உட்கார்ந்து எழச் சிரமப்படுபவர், ஒரு நிலையில் நின்றால் பொறுமை இழப்பவர் இந்தப் பக்கம் வரலாம்.

ஆசிரியரா, காணொளியா

இங்கேதான் பலருடைய முடிவு உண்மையில் தீர்மானமாகிறது. தமிழ்நாட்டில் தாய் சி என்று தேடினால் பல இடங்களில் கிடைப்பது குங்ஃபூ அல்லது கராத்தே வகுப்பின் ஓரத்தில் நடப்பது. அது தப்பில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை புது அசைவு சொல்லித் தருகிறார்? ஒன்று இரண்டு என்றால் நல்லது, ஐந்தாறு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் முட்டி கால்விரலின் திசையில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாரா? சும்மா நிற்கச் சொல்கிறாரா? கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியைச் சற்றுத் தளர்த்தி ஐந்து நிமிடம் நிற்பது வேலையற்ற வேலை போலத் தெரியும். தன் தோள் எவ்வளவு தூக்கி வைத்திருக்கிறது என்று பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியவரும். 'சீ' என்னும் உயிர்ச்சக்தியால் சர்க்கரை குணமாகும், மாத்திரையை நிறுத்தலாம் என்று பேச ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

காணொளியில் வரிசையைக் கற்க முடியும். எடை மாற்றத்தைக் கற்பது கஷ்டம், ஏனென்றால் எடை கண்ணுக்குத் தெரியாது. காணொளிதான் வழி என்றால் முதுகைக் காட்டிச் செய்து காட்டும் பதிவாகப் பாருங்கள். முகம் பார்த்துச் செய்வதில் இடமும் வலமும் குழம்பி, அந்தக் குழப்பத்திலேயே கவனம் செலவாகிவிடும். உங்களையும் பக்கவாட்டில் போனில் படமெடுத்துப் பாருங்கள். முன்காலின் முட்டி கால்விரலைத் தாண்டிப் போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மொட்டை மாடியில் செய்பவர்கள் தடித்த மெத்தை வைத்த ஓட்டக் காலணியைத் தவிருங்கள், சொரசொரப்பான தரையில் அது பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், திருகல் முட்டிக்குப் போகும். வெறுங்கால், இல்லாவிட்டால் மெல்லிய தட்டையான அடி உள்ள ஷூ.

என்னைக் கேட்டால், உடம்பில் பெரிய தொந்தரவு இல்லாத ஒருவர் 24இல் தொடங்கலாம், கூடவே சென் பாணியின் பட்டுநூல் சுற்றலை ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் கிடைப்பவர் 108 மட்டுமே சொல்லித் தருபவர், ஆனால் நன்றாகத் திருத்துபவர் என்றால் அவரிடமே போங்கள். முதல் பகுதி முடிந்ததும் சில மாதம் அங்கேயே நிற்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்.